போன் கட்சி, ஷோரூம் கட்சி, நடுவில் ஒரு ஜிபிஎஸ்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது சண்டைப் பதிவு. கொஞ்சம் நீளமும் கூட. டீ ஒன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எங்கள் காமர்ஸ் வகுப்பில் பைக் பைத்தியங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒன்று போன் கட்சி. "போன்லயே எல்லாம் இருக்கு மச்சி, தனியா எதுக்கு ஜிபிஎஸ்?" என்பது அவர்கள் கொள்கை விளக்கம். இன்னொன்று ஷோரூம் கட்சி. வீடியோவில் ஒரு ஜெர்மன்காரன் என்ன மாட்டியிருக்கிறானோ அதே மாடல், அதே மவுண்ட், அதே ஸ்டிக்கர் வேண்டும். ஐந்து அங்குலத் திரை, அதைத் தாங்க ஒரு இரும்புக் கோபுரம், அதற்கு ஒரு பூட்டு. வண்டி மட்டும் அப்பாவின் ஸ்ப்ளெண்டர்.

என் கட்சியில் இப்போதைக்கு நான் ஒருவன்தான். கொள்கை இதுதான்: தார் ரோட்டை விட்டு இறங்குகிறவனுக்குக் கையடக்க ஜிபிஎஸ் தேவை. ஆனால் சின்னதாக, பொத்தான் வைத்ததாக, சாதா பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் போதும். அதை மாட்டும் இடத்தை வாங்கும் மாடலைவிட அதிகம் யோசிக்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இந்தியாவில் ஒரு ரைடருக்கு உயிர் போகும் நேரத்தில் உதவ வேண்டிய ஒரு கருவி கைக்கு வராது. அதைத் தடுப்பது நம்ம சட்டம். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர் நிலவரம்

ஆஃப்-ரோடு என்றதும் லடாக், ஸ்பிட்டி என்று கிளம்பிவிடாதீர்கள். காணையிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் தார் தீர்ந்துவிடும். ஏரிக்கரை, வாய்க்கால் கரை, கரும்புக் கொல்லைக்கு நடுவில் மாட்டுவண்டித் தடம், தென்பெண்ணை மணல், செஞ்சிப் பக்கம் போனால் பாறையும் கருங்கல் ஜல்லியும். கரும்பு ஆளுயரம் வளர்ந்துவிட்டால் இடது வலது எதுவும் தெரியாது. போன வாரம் போன தடத்தை இந்த வாரம் உழுதிருப்பார்கள். வழி கேட்கலாம் என்றால் மதியம் ஒரு மணிக்குக் கொல்லையில் ஆள் இருக்க மாட்டார்கள். இமயமலையில் ஒரே ஒரு ரோடு, அதை விட்டால் பள்ளம். நம்ம ஊரில் நூறு தடம், நூறும் எங்கேயோ போகும். வழி தப்ப இதைவிட வசதியான இடம் கிடையாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாக்கமலை மாதிரி காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். கையில் ஜிபிஎஸ் இருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது. திரையில் பச்சை நிறம் தெரிந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

போன் கட்சிக்கு

முதலில் போனுக்கு நியாயம் செய்வோம். "டவர் இல்லைன்னா போன் ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று என் கட்சிக்கு ஆதரவாகவே சிலர் பேசுவார்கள். அது தப்பு. ஜிபிஎஸ் என்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகும் ரேடியோ. நம் கையில் இருப்பது கேட்கும் கருவி மட்டும். நான்கு கோள்கள் கேட்டால் இடமும் உயரமும் கணக்காகிவிடும். சிம் கார்டே இல்லாத போனிலும் அது நடக்கும். டவர் இருந்தால் கோள்களின் இருப்பிட விவரம் நெட் வழியாகச் சட்டென்று வந்துவிடும். இல்லையென்றால் வானத்திலிருந்தே, நொடிக்கு 50 பிட் வேகத்தில், சொட்டுச் சொட்டாக வர வேண்டும். அதனால் முதல் தடவை தாமதமாகும். அவ்வளவுதான். டவர் போனால் போவது ஜிபிஎஸ் அல்ல, வரைபடம். அதையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி செயலிகள் இலவசமாக இருக்கின்றன.

பிறகு எதற்கு நான் போனை எதிர்க்கிறேன்? நான்கு காரணங்கள்.

ஒன்று, வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. விழுப்புரத்தில் சித்திரை மாதம் 35 டிகிரி என்பது காலை நேரக் கணக்கு. நேர் வெயிலில், வெளிச்சம் முழுசாக ஏற்றி, சார்ஜும் போட்டுக்கொண்டு, ஜிபிஎஸ் ஓடினால் என்ன ஆகும்? போன மே மாதம் ஏரிக்கரையில் எங்கள் செட்டில் ஒருவனுடைய போன் சூடேறித் தானாக அணைந்துபோனது. ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் வேப்பமர நிழலில் அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். காய்ச்சல்காரக் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி.

இரண்டு, அதிர்வு. மோட்டார் சைக்கிள் இன்ஜின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போய் கேமராவின் நிலைப்படுத்தும் பாகங்களைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் அறிக்கையே வெளியிட்டது. ஆப்பிள் மட்டும் அல்ல, கண்ணாடி வில்லையை மிதக்கவிட்டுக் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் எந்தக் கேமராவுக்கும் அது பொருந்தும். தார் ரோட்டுக்கே இந்த எச்சரிக்கை என்றால் கருங்கல் ஜல்லியில்?

மூன்று, விரல். கையுறை போட்டால் தொடுதிரை கேட்காது. மழைத்துளி விழுந்தால் கேட்காததோடு நில்லாமல் தானாக எதையாவது அமுக்கும். புழுதி படிந்த விரலால் தேய்த்தால் திரை உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகும்.

நான்கு, இதுதான் முக்கியம். போன் என்பது நமக்கு ஆபத்து நேரத்தில் 108-க்கும் வீட்டுக்கும் பேசுகிற கருவி. விழுந்தால் முதலில் அடிபடுவது ஹேண்டில்பார். அங்கே கொண்டுபோய் உங்கள் ஒரே தொடர்புச் சாதனத்தை மாட்டுகிறீர்கள்! வழிகாட்டியும் போச்சு, தொலைபேசியும் போச்சு, இரண்டும் ஒரே விநாடியில். காமர்ஸ் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்களே, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று? பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வெளியே வந்து அதே கூடையை ஹேண்டில்பாரில் மாட்டுகிறோம்.

"புது வண்டியில் டிஸ்ப்ளேவிலேயே மேப் வருதே?" என்பார்கள். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-ல் வட்டத் திரையில் கூகுள் மேப் தெரியும். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரைபடம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்து வருகிறது. போன் செத்தால் திரையும் வெறும் வட்டம்.

வழி சொல்வது வேறு, இடம் சொல்வது வேறு

"இடது பக்கம் திரும்பவும்" என்று செயலி சொல்வது ஜிபிஎஸ் அல்ல. ஜிபிஎஸ் சொல்வது நீ இருக்கும் இடத்தை மட்டும். திரும்பச் சொல்வது யாரோ எப்போதோ வரைந்த வரைபடத்தை நம்பி ஒரு நிரல் போடும் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விபரீதம்.

2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் மேப்பை நம்பிப் படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. அது சிரித்துவிட்டுப் போகிற கதை. 2023 அக்டோபரில் கேரளாவில் கொத்துருத்துப் பக்கம் மழை இரவில் கார் பெரியாற்றில் இறங்கி இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின் மேல், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டிலும் வழிகாட்டிச் செயலியைப் பின்தொடர்ந்து போனதாகச் செய்தி வந்தது.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்தது. அதே வருடம் நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்களை நிறுத்தினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் மேல் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி அந்த செப்டம்பரில்தான் திறந்த பாலம் அடித்துக்கொண்டு போனது. பாலம் போன மறுநாள் காலையில் எந்த மேப் அதைத் தெரிந்து வைத்திருக்கும்?

ஆகவே, கரடுமுரடான இடத்தில் "எப்படிப் போகலாம்" என்று கருவியைக் கேட்காதீர்கள். "நான் எங்கே இருக்கிறேன், வந்த தடம் எது" என்று மட்டும் கேளுங்கள். வந்த தடம் என்பது நீங்களே டயர் பதித்து வந்த வழி. அது போய்ச் சேரும் என்பதற்கு நீங்களே சாட்சி. கையடக்க ஜிபிஎஸ்ஸின் மொத்த உபயோகமும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

டக்கார் ராலியையே பாருங்கள். அங்கே ரைடர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஜிபிஎஸ் மேப் வைத்துக்கொள்ளத் தடை. ரோட்புக் படித்து, திசைக் கோணம் பார்த்து, தூரக் கணக்கு வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அமைப்பாளர்கள் கொடுக்கும் கருவி, ஒளித்து வைத்த புள்ளிக்கு நீங்கள் நெருங்கினால்தான் வாயைத் திறக்கும். இப்படிப்பட்ட போட்டியில்தான் 2015-ல் பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ் 36-வது இடத்தில் முடித்து, டக்காரை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-ல் கேரளாவின் ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11-வது, ராலி 2 பிரிவில் முதலிடம். வழி சொல்லும் பெட்டி இல்லாமல், வழியைப் படிக்கத் தெரிந்து ஜெயித்தார்கள்.

ஷோரூம் கட்சிக்கு: எதை வாங்குவது

உங்கள் தப்பு வேறு மாதிரி. தேவைக்கு மேலே வாங்குவது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று என் பட்டியல்:

1. பொத்தான். தொடுதிரை வேண்டாம். கையுறையோடு, கட்டை விரலால், திரையைப் பார்க்காமலே அமுக்க முடிய வேண்டும்.

2. வெயிலில் தெரியும் திரை. கையடக்கக் கருவிகளின் திரை சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தன்னைக் காட்டிக்கொள்ளும் வகை. வெயில் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும். போன் திரை நேர் எதிர். கார்மின் இட்ரெக்ஸ் வகையில் 2.2 அங்குலம்தான். சின்னது என்று முகம் சுளிக்காதீர்கள். நின்றுகொண்டு ஓட்டும்போது நீங்கள் அதில் படம் பார்க்கப் போவதில்லை. ஒரு கோடு, ஒரு அம்பு, ஒரு தூரம்.

3. டபுள்-ஏ பேட்டரி. கெடார் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். உள்ளேயே ஒட்டிய பேட்டரி நல்லதுதான், தீரும் வரை. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் போட்டால் மெனுவில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பேட்டரி அளவு பொய் சொல்லும்.

4. தண்ணீர். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ரப்பர் மூடியை ஒழுங்காக மூடினால்.

5. வரைபடம் ஏற்ற முடியுமா? 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை கார்மின் வடிவத்துக்கு மாற்றி இலவசமாகவே ஏற்றலாம். சில விலை குறைந்த மாடல்களில் வரைபடமே ஏறாது, தடம் மட்டும் தெரியும். கேட்டு வாங்குங்கள்.

6. செயற்கைக்கோள் வகை. "நேவிக் இருக்கிறதா" என்று தேசபக்தியோடு கேட்பவர்கள் உண்டு. எனக்கும் இஸ்ரோ மேல் மரியாதைதான். ஆனால் 2013-ல் முதல் கோள் போன அந்தத் திட்டத்தில், ஏவிய 11-ல் 4 மட்டுமே இடம் சொல்லும் சேவையில் இருப்பதாக 2025-ல் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். அணுக் கடிகாரங்கள் பல பழுதாகிவிட்டன. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குச் சேரவில்லை. ஆகவே நேவிக் இருந்தால் சந்தோஷம், அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். ஜிபிஎஸ்ஸோடு க்ளோனாஸ் அல்லது கலிலியோ சேர்ந்து இருந்தால் போதும்.

வாங்கியதும் இரண்டு அமைப்புகள். வரைபட அடிப்படையை டபிள்யூஜிஎஸ் 84 என்று வையுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் அடிப்படையில் போட்டவை. கலந்தால் நூறு மீட்டர் கணக்கில் தள்ளி நிற்பீர்கள். அடுத்து, இடத்தை டிகிரித் தசமத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு வாயால் சொல்ல அதுதான் சுலபம். நம்ம பக்கம் அட்சரேகை 12-ஐ ஒட்டி வரும், தீர்க்கரேகை 79-ல் ஆரம்பிக்கும். தசமத்தில் நான்கு இலக்கம் சொன்னாலே சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடுவார்கள்.

மாட்டுவது எப்படி: தஞ்சாவூர் சொன்ன பாடம்

கருவியை வாங்குவதில் காட்டும் அக்கறையை மாட்டுவதில் காட்டாதவர்களுக்கு ஒரு சரித்திரம். 1802 ஏப்ரலில் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையை ஆரம்பித்தார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. சமவெளியில் மலை கிடையாதே? 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் அறைக்குள் உட்கார்ந்து லாம்டனே அதைத் தட்டி நிமிர்த்தினார். அந்தக் காலத்தின் மிக நுட்பமான கருவிகளில் ஒன்றைக் கவிழ்த்தது ஒரு கயிறு. இப்போது ஹேண்டில்பாருக்கு வருவோம்.

இடம்: நட்ட நடுவில், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிடிக்கும் கிளாம்ப் பக்கம். ஓரத்தில் மாட்டினால் ஒவ்வொரு குழிக்கும் கருவி ஊஞ்சல் ஆடும், விழுந்தால் முதலில் தரையைத் தொடும். நின்று ஓட்டும்போது கண் கொஞ்சம் இறக்கினால் தெரிய வேண்டும். அதே சமயம் திடீர் பிரேக்கில் நெஞ்சோ தாடையோ முன்னால் போனால் அதன் மேல் மோதக் கூடாது. ஷோரூம் கட்சியின் இரும்புக் கோபுரங்கள் இந்த இடத்தில்தான் ஆளைக் குத்தும். விழுந்து எழுந்திருக்க வேண்டியவனைப் படுக்கவைக்கும் மவுண்ட் எதற்கு?

அளவு: பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர். தடித்த வகை நடுவில் 28.6. இரண்டுக்கும் ஒரே கிளாம்ப் சேராது. அளந்து வாங்குங்கள். பந்து மூட்டு வகை மவுண்ட் என்றால் ஒரு அங்குலப் பந்தும் குட்டைக் கையும் போதும். கை நீளம் கூடக் கூட ஆட்டமும் கூடும். பின்பலகையில் 30-க்கு 38 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு ஓட்டை இருந்தால் அது பொதுவான அளவு; வேறு கம்பெனி பாகமும் பொருந்தும். விழுப்புரத்தில் நல்ல லேத் பட்டறைக்குப் போனால் அந்த அளவில் அலுமினியத் தகடு அடித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டு விலை தேவையில்லை.

பிடி: கிளாம்புக்கும் பாருக்கும் நடுவில் பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய ட்யூப் துண்டு ஒரு சுற்று. வழுக்காது, அதிர்வும் கொஞ்சம் குறையும். திருகுகளுக்கு நைலான் நட். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். க்ளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், டேங்க், எதையும் தொடக் கூடாது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

கயிறு: ஆமாம், லாம்டன் கயிறு. மவுண்ட் உடைந்தாலும் கருவி போகாமல் இருக்கப் பாரில் ஒரு தனிக் கயிறு கட்டுங்கள். குட்டையாக. நீளமாக விட்டால் சக்கரத்தில் சுற்றும்.

மின்சாரம்: வண்டியிலிருந்து எடுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், இக்னிஷன் அணைத்தால் அணைகிற மாதிரி இணைப்பு. யூஎஸ்பி முனை அதிர்வில் தளர்ந்து தளர்ந்து ஒரு நாள் சாக்கெட்டையே பிடுங்கும்; ஒயரை மவுண்டிலேயே ஒரு இடத்தில் கட்டிவிட்டு லூஸ் கொடுங்கள். செல்லில் ஓட்டினால் இன்னொரு தொல்லை: பெரிய குழியில் செல் துள்ளி ஒரு கணம் தொடர்பு விட்டுக் கருவி அணைந்துவிடும். வைத்தியம் ஐந்து பைசா செலவில்லாதது. செல்லைச் சுற்றி ஒரு சுற்று டேப், மூடியின் உள்பக்கம் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு. ஆட இடம் இல்லாவிட்டால் அணையாது.

போன் எங்கே? உடம்பில். ஜாக்கெட் உள்பையில். நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் விழுந்தாலும் போன் உங்களோடு இருக்க வேண்டும்.

காசுக்கு எங்கே போவது

நியாயமான கேள்வி. நாம் எல்லோரும் மாதக் கடைசியில் பஸ் பாஸில் வாழும் ஜாதி. கணக்கு போடுவோம், படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?

கையடக்கக் கருவி 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 7 வருடம், கடைசியில் 4,000-க்குப் போகும். நேர்கோட்டு முறையில் தேய்மானம் வருடத்துக்கு 3,000. போன் 18,000; சட்டைப்பையில் இருந்தால் 3 வருடம், மிச்சம் 3,000. தேய்மானம் 5,000. அதே போனை ஜல்லியில் மாட்டி 2 வருடத்தில் கேமரா போய்த் திரை போய் 1,000-க்கு விற்றால்? தேய்மானம் 8,500. கூடுதல் இழப்பு வருடத்துக்கு 3,500. கருவியின் தேய்மானத்தைவிட அதிகம்! விலைகள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் "போனில் இலவசமாக வருகிறது" என்பது மட்டும் எந்தப் பேரேட்டிலும் நிற்காது. செலவு வேறு கணக்கில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியும் முடியாதவர்களுக்கு: நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், கூட்டமாகத்தானே போகிறோம். அதுவும் இல்லையா, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போனில் சிம் இல்லாமல் வரைபடம் இறக்கி அதை மாட்டுங்கள். வெயிலில் அணையும், கையுறைக்குக் கேட்காது. ஆனாலும் உங்கள் உயிர்த்தொடர்பு பைக்குள் பத்திரமாக இருக்கும். என் சண்டை போன் என்கிற பொருளோடு அல்ல, ஒரே போன் என்கிற புத்தியோடு.

கடைசியாகச் சட்டத்தோடு ஒரு சண்டை

இவ்வளவு சரியாகச் செய்தும், டவர் இல்லாத இடத்தில் கால் உடைந்து கிடந்தால்? கருவி உங்கள் இடத்தைத் துல்லியமாக உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கும். வேறு யாருக்கும் சொல்லாது. ஜிபிஎஸ் கேட்கும் கருவி, பேசாது.

பேசும் கருவி உலகத்தில் இருக்கிறது. கார்மின் இன்ரீச் மினி வெறும் 100 கிராம். ஒரு பொத்தானை அமுக்கினால் இரிடியம் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும். டக்காரில் ஒவ்வொரு வண்டியிலும் இந்த மாதிரி அபாயப் பொத்தானோடு செயற்கைக்கோள் கருவியை அமைப்பாளர்களே கட்டாயமாக மாட்டுகிறார்கள். 2021-ல் சந்தோஷ் அங்கே மோசமாக விழுந்தபோது ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தார்.

இந்தியாவில் அதை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1885-ன் தந்திச் சட்டம், 1933-ன் வயர்லெஸ் சட்டம். 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ரேடியோ கருவிக்கு அரசு அங்கீகாரம் வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு கனடா ஓட்ட வீராங்கனையையும், 2025 தொடக்கத்தில் டெல்லியில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு மலையேறும் பெண்ணையும் இந்தக் கருவிக்காகப் பிடித்து வைத்தார்கள். ஒளித்து வைத்தவர்கள் அல்ல. பையில் சாதாரணமாக வைத்திருந்தவர்கள்.

அதனால் வெளிநாட்டு மாமாவிடம் பழைய கருவி வாங்கி வரச் சொல்கிறவர்கள் கவனிக்கவும். ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ, மோன்டானா 700ஐ என்று எண்ணுக்குப் பின்னால் "ஐ" இருந்தால் அதற்குள் இன்ரீச் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ரைனோ வகையில் வாக்கிடாக்கி இருக்கிறது, அதுவும் வேண்டாம். ஒரு எழுத்து உங்களை ஏர்போர்ட்டில் உட்காரவைக்கும்.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் செயற்கைக்கோள் போன் பயன்படுத்தினார்கள். அந்த பயம் நியாயமானது, கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து பதிவு செய்வதா, பூட்டுவதா? சிம் கார்டுக்கு ஆதார் கேட்கிறோம், துப்பாக்கிக்கே லைசென்ஸ் கொடுக்கிறோம். பெயர், முகவரி, கருவி எண் எல்லாம் வாங்கிக்கொண்டு, குறுஞ்செய்தியும் அபாய அழைப்பும் மட்டும் அனுப்பும் கருவிக்கு ஒரு எளிய உரிமம் தர முடியாதா? அந்தக் கருவி அனுப்பும் ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவன் நிற்கும் இடமும் சேர்த்துப் போக முடியுமே, ஒளிந்து திரிகிறவன் அதையா தேர்ந்தெடுப்பான்? 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு வானத்திலிருந்து இன்டர்நெட் விற்க இதே அரசுதான் உரிமம் கொடுத்தது. வானத்தை வியாபாரத்துக்குத் திறக்கலாம், கால் உடைந்து கிடக்கிறவன் "இங்கே இருக்கிறேன்" என்று சொல்லத் திறக்கக் கூடாதா? இது ரைடர்களின் சொகுசுக் கோரிக்கை அல்ல. மலையேறுகிறவர், கடலுக்குப் போகிறவர், காட்டோரம் ஆடு மேய்க்கிறவர், ஃபெஞ்சல் மாதிரி புயலில் மின்சாரமும் டவரும் போய்த் தனித்துக் கிடக்கும் கிராமம், எல்லோருக்கும் சேர்த்த கோரிக்கை.

இந்த நாடு மாறவே மாறாது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2016-ல் வரைபடம் போடுவதற்கே அனுமதி வாங்க வேண்டும், மீறினால் 100 கோடி வரை அபராதம் என்று ஒரு வரைவு மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, கிடப்பில் போனது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள் நேர் எதிராக இந்தியர்களுக்கு வரைபடத்தைத் திறந்துவிட்டன. அன்று திறந்த கதவு இன்று நம் ஏரிக்கரைத் தடத்தை நாமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய விடுகிறது. கேட்டால் கிடைக்கும், கேட்க ஆள் வேண்டும்.

அது கிடைக்கும் வரை செய்ய வேண்டியது சின்னப் பட்டியல்தான். தனியாகப் போகாதே. போகும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடு. கருவி நடுவில், போன் நெஞ்சில். டவர் கடைசியாக எங்கே இருந்தது என்று ஒரு புள்ளி குறித்து வை. உதவி கேட்க ஓடுகிறவன் அந்தப் புள்ளிக்குத்தான் ஓட வேண்டும். இதில் எதற்கும் காசு ஆகாது.

போன் கட்சியும் ஷோரூம் கட்சியும் இப்போது திட்ட ஆரம்பிக்கலாம். நான் தயார்.

டிஸ்கி: கார்மின் கம்பெனி எனக்கு ஒரு சாவிக்கொத்துகூடக் கொடுத்தது கிடையாது. கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் இதே பதிவைத்தான் எழுதுவேன்.